வைட்டமின் 'ஏ'யும் நம் இரத்தமும்



உடம்பில் இரத்தம் குறைவு என்று யாராவது சொன்னால், "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடு" என்கிறோம். பொழுது சாய்ந்ததும் கண் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், "வைட்டமின் ஏ குறைந்திருக்கிறது, கீரையும் பப்பாளியும் கொடு" என்கிறோம். கண்ணுக்கு ஒரு சத்து, இரத்தத்துக்கு வேறொரு சத்து என்று தனித்தனியே பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், கண்ணுக்கே உரியது என்று நாம் எண்ணியிருக்கும் இந்த வைட்டமின் ஏ, இரத்தம் உண்டாகும் இடத்திலும் வேலை செய்கிறது. அது குறைந்தால் சோகை வருவதுண்டு. அதிலிருந்து பிறந்த ஒரு மருந்து, மிகக் கொடிய ஒருவகை இரத்தப் புற்றுநோயை அடக்கிக் காட்டியிருக்கிறது. இந்த இரண்டு செய்திகளையும்தான் இன்று உங்களோடு பேசப் போகிறோம்.

முதலில், இரத்தம் எங்கே உண்டாகிறது என்று பார்ப்போம். ஆட்டு நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சும்போது உள்ளேயிருந்து பசை போல ஒன்று வருமல்லவா? அதுதான் எலும்பு மச்சை. நமக்கும் அது உண்டு. வளர்ந்த மனிதருக்கு இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, விலா எலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றில் உள்ள மச்சைதான் இரத்த அணுக்களை உண்டாக்குகிறது. மூச்சுக்காற்றைச் சுமந்து செல்லும் சிவப்பணுக்கள், கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள், காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஆகிய மூன்றும் அங்கேதான் பிறக்கின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். மடிகிறவற்றுக்கு ஈடாகப் புதியவை வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் நம் மச்சை நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. நாம் உறங்கும்போதும் அந்த வேலை நிற்பதில்லை.

இந்த அணுக்கள் பிறந்த உடனே வேலைக்கு வந்துவிடுவதில்லை. தோட்டத்து நாற்றங்காலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செம்பனை விதை முளைத்து, ஏறக்குறைய ஓராண்டு நாற்றங்காலில் வளர்ந்து, ஓலை விரிந்த பிறகுதான் அதை எடுத்துக்கொண்டுபோய் நடுகிறோம். மச்சையும் ஒரு நாற்றங்கால்தான். அங்கே பிறக்கும் இளம் அணு படிப்படியாக முதிர வேண்டும். முதிர்ந்த பிறகே அது இரத்தத்தில் இறங்கி வேலை செய்யும். முதிராத அணுவால் உடம்புக்குப் பயனில்லை. முதிரச் சொல்லும் கட்டளைகளில் ஒன்றைக் கொண்டு வருவதுதான் வைட்டமின் ஏ.

வைட்டமின் ஏ என்பது கொழுப்பில் கரையும் சத்து. 1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எல்மர் மெக்காலம், மார்கரீட் டேவிஸ் என்னும் இருவர், வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டறிந்தார்கள். அதுவே பிறகு வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது. நாம் உண்ணும் ஈரல், முட்டை, பால் ஆகியவற்றில் அது நேராகவே இருக்கிறது. கீரையிலும் மஞ்சள் நிறக் காய்கனிகளிலும் கரோட்டின் என்னும் வடிவில் இருக்கிறது. கரோட்டினை நம் உடம்பே வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மிஞ்சியதில் பெரும்பகுதியை ஈரலில் சேமித்து வைக்கிறது.

சேமித்ததை உடம்பு இரண்டு வழியில் செலவழிக்கிறது. ஒரு பகுதி கண்ணுக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுகிறது. அது குறைந்தால்தான் மாலைக்கண் வருகிறது. இன்னொரு பகுதி, ரெட்டினோயிக் அமிலம் என்னும் பொருளாக மாறி உயிரணுக்களுக்குள்ளே செல்கிறது. இதை ஒரு சாவி என்று வைத்துக்கொள்வோம். உயிரணுவின் உள்ளே இந்தச் சாவிக்கு ஏற்ற பூட்டு ஒன்று இருக்கிறது. சாவி பூட்டில் நுழைந்ததும், "இனிப் பெருகியது போதும், முதிர்ந்து உன் வேலையைப் பார்" என்ற கட்டளை திறக்கிறது. இந்தப் பூட்டை 1987-ஆம் ஆண்டில் பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவினரும் அமெரிக்காவில் ரோனால்ட் எவன்ஸ் குழுவினரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

இனி சோகைக்கு வருவோம். சிவப்பணு உண்டாக இரும்பு வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் வீட்டில் அரிசி இருந்தால் மட்டும் போதுமா? அதை எடுத்து உலையில் போட ஆள் வேண்டும் அல்லவா? வைட்டமின் ஏ குறைந்தவர்களிடம், ஈரலிலும் மண்ணீரலிலும் இரும்பு இருந்தும் அது மச்சைக்குப் போய்ச் சேர்வதில்லை. இருப்பு இருந்தும் வீட்டில் பட்டினி என்பது போன்ற நிலை இது. அத்தகையவர்களுக்கு இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்தால் முழுப் பலன் கிடைப்பதில்லை.

நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், சோகையுள்ள கர்ப்பிணிப் பெண்கள் சுமார் 250 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 16 பேருக்குச் சோகை நீங்கியது. வைட்டமின் ஏ மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு நீங்கியது. இரும்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு நீங்கியது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிலோ நூற்றுக்கு 97 பேருக்கு நீங்கியது. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். இரும்பும் வைட்டமின் ஏயும் அப்படித்தான்.

தாய்மார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோகைக்குக் காரணம் ஒன்றல்ல. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதாலும் வரும். மாதவிலக்கு மிகுதியாலும் வரும். தலசீமியா என்னும் பரம்பரைக் குறையாலும் வரும். தலசீமியாக்காரர்களுக்கு இரும்பை அளவின்றிக் கொடுப்பது தீங்கு. ஆகையால் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த பிறகே மருந்து. கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறது, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் களைப்பாக இருக்கிறது என்றால், "வேலைக் களைப்பு" என்று தள்ளிப் போடாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னது சத்துக் குறைவால் வரும் நோய். இனிச் சொல்லப்போவது வேறு. இது சத்துக் குறைவால் வருவதன்று. பூட்டே கெட்டுப்போவதால் வருவது.

இரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு நெஞ்சு பதறுகிறது. அது ஒரே நோயன்று. அதில் பல வகைகள் உண்டு. திடீரென்று தோன்றி வேகமாக முற்றும் வகைகளில் ஒன்றில், வெள்ளணுக்கள் பாதி வளர்ச்சியில், புரோமைலோசைட் என்னும் பருவத்தில், நின்றுவிடுகின்றன. அவை முதிர்வதுமில்லை, மடிவதுமில்லை, பெருகிக்கொண்டே போகின்றன. நாற்றங்கால் முழுவதும் வளராத நாற்று நிறைந்து நின்றால், நல்ல நாற்றுக்கு இடம் ஏது? சிவப்பணு குறைகிறது, தட்டணு குறைகிறது. அதோடு, அந்த இளம் அணுக்களுக்குள் இருக்கும் பொருள்கள் வெளிப்பட்டு, இரத்தத்தை உறைய வைக்கும் சக்தியையும் வீணே செலவழித்துத் தீர்த்துவிடுகின்றன. அதனால் ஈறிலும் மூக்கிலும் தோலுக்கடியிலும் இரத்தம் கசிகிறது. மூளையிலும் நுரையீரலிலும் கூடக் கசியலாம். 1957-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் லெய்ஃப் ஹில்லஸ்டாட் இதைத் தனி நோயாக எழுதி வைத்தபோது, அவர் கண்ட நோயாளிகள் சில வாரங்களுக்குள் மடிந்தார்கள். இரத்தப் புற்றுநோய்களில் மிகக் கொடியது இதுவே என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள்.

புற்றுநோய்க்கு அக்காலத்தில் கொடுக்கப்பட்ட மருந்துகள் கெட்ட அணுக்களைக் கொல்லும் மருந்துகள். களைக்கொல்லி தெளித்தால் களையோடு பக்கத்துப் பயிரும் கருகுவது போல, நல்ல அணுக்களும் சேர்ந்து மடியும். இந்த நோயிலோ கெட்ட அணுக்கள் உடையும்போது இரத்தக் கசிவு இன்னும் அதிகமாகிவிடும். கொல்லாமல் வேறு வழி உண்டா என்று சிலர் எண்ணத் தொடங்கினார்கள். பாதியில் நின்றுவிட்ட அணுவை முதிரச் செய்தால் என்ன? முதிர்ந்த அணு தன் ஆயுள் முடிந்ததும் தானாகவே மடிந்துவிடுமே! இஸ்ரேலில் லியோ சாக்ஸ் என்னும் அறிஞர், புற்றணுக்களையும் முதிரச் செய்ய முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டினார். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோடோர் பிரைட்மன் குழுவினர், ரெட்டினோயிக் அமிலத்தைச் சேர்த்தால் கண்ணாடிக் குப்பியில் வளர்த்த இரத்தப் புற்றணுக்கள் முதிர்கின்றன என்று எழுதினார்கள்.

கண்ணாடிக் குப்பியில் நடந்தது மனித உடம்பில் நடக்குமா? சீனாவில் ஷாங்காய் நகரத்து ருய்ஜின் மருத்துவமனையில் வாங் செனியி என்னும் மருத்துவர் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு உழைத்தார். 1985-ஆம் ஆண்டில், இந்நோய் முற்றிய நிலையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. மற்ற மருந்துகள் கைகொடுக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலும் இரத்தக் கசிவும் இருந்தன. ரெட்டினோயிக் அமிலத்தைக் கொடுக்க அவர் துணிந்தார். குழந்தை தேறியது. சில வாரங்களில் நோயின் அடையாளம் மறைந்தது. அதன் பிறகு அவரும் அவருடைய குழுவினரும் 24 நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, 1988-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 24 பேருக்கும் நோய் அடங்கியது. அவர்களில் ஒருவருக்கு மட்டும் வேறொரு மருந்தையும் சிறிதளவு சேர்க்க வேண்டியிருந்தது. உலகம் முதலில் நம்பத் தயங்கியது. பிறகு பிரான்சிலும் மற்ற நாடுகளிலும் கொடுத்துப் பார்த்து உண்மை என்று கண்டார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், மருந்து பலித்தது முதலில். அது ஏன் பலித்தது என்று தெரிந்தது பின்னால். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உண்டு. இந்நோயில் 15-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டும் 17-ஆவதில் ஒரு துண்டும் ஒடிந்து, இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன என்று 1977-ஆம் ஆண்டிலேயே சிக்காகோவில் ஜேனட் ரௌலி அம்மையார் கண்டிருந்தார். அப்படி ஒடிந்த இடத்தில் இருந்தது எது தெரியுமா? நாம் முன்பு சொன்ன வைட்டமின் ஏயின் பூட்டேதான். இது 1990, 1991-ஆம் ஆண்டுகளில் தெளிவாயிற்று. பூட்டோடு வேறொரு துண்டு ஒட்டிக்கொண்டதால், உடம்பில் இயல்பாக உள்ள சாவியால் அதைத் திறக்க முடியவில்லை. முதிரச் சொல்லும் கட்டளை அணுவுக்கு எட்டவில்லை. ரெட்டினோயிக் அமிலத்தை மருந்தாக மிகுதியாகக் கொடுக்கும்போது அந்தப் பூட்டு திறந்துகொள்கிறது. கோணல் பூட்டும் சிதைந்து போகிறது. நின்றிருந்த அணு மீண்டும் வளர்ந்து முதிர்கிறது.

குரோமோசோம் ஒடிந்தது என்றதும், "இது பிள்ளைகளுக்கும் வருமோ?" என்று நினைக்க வேண்டாம். இது பிறந்த பிறகு, மச்சையில் உள்ள ஓர் அணுவில் நேரும் பழுது. பெற்றோரிடமிருந்து வருவதன்று. தொட்டாலும் உடன் உண்டாலும் ஒட்டாது. செய்வினையும் அன்று, முன்வினையும் அன்று. வீட்டில் ஒருவருக்கு வந்தால், அவருடைய தட்டையும் பாயையும் ஒதுக்கி வைப்பது பெரிய கொடுமை.

இந்த மருந்து தனியாக நின்று நோயை வேரறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதை மட்டும் பெற்றவர்களில் பலருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பியது. அதனால் மற்ற மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு இன்னொரு மருந்தும் சீனாவிலிருந்தே வந்தது. நம் நாட்டு வைத்தியத்தில் பாஷாணம் என்கிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்த ஆர்செனிக் டிரையாக்சைடு அது. ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களில் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரெட்டினோயிக் அமிலம் கோணல் பூட்டை ஒரு பக்கம் தாக்க, ஆர்செனிக் மறுபக்கம் தாக்குகிறது. 2013-ஆம் ஆண்டில் இத்தாலி, ஜெர்மனி நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நோய் மிக முற்றாத நிலையில் வந்து இவ்விரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 97 பேர், இரண்டாண்டுகள் கழித்தும் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். சில வாரங்களில் உயிரைப் பறித்த நோய், இன்று குணமாகும் வாய்ப்பு மிகுந்த இரத்தப் புற்றுநோயாக ஆகியிருக்கிறது.

அப்படியானால் இன்னும் ஏன் இந்நோயால் சிலர் இறக்கிறார்கள்? காலம் கடந்து வருவதால்தான் பெரும்பாலும். சிகிச்சை தொடங்கும் முன்னரோ, தொடங்கிய சில நாள்களிலோ இரத்தக் கசிவால் உயிர் போகிறது. இந்நோய் என்ற ஐயம் எழுந்த உடனே, முழுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்களுக்கு உள்ள விதி. மருத்துவரே ஒருநாள் காத்திருக்க அஞ்சும்போது, நாம் வீட்டில் ஒருவாரம் காத்திருக்கலாமா? காரணமில்லாமல் உடம்பில் நீலநீலமாகத் தழும்பு தோன்றுகிறது, பல் துலக்கினால் ஈறில் இரத்தம் நிற்காமல் வருகிறது, மூக்கில் இரத்தம் வடிகிறது, தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன, காய்ச்சலும் வெளுப்பும் இருக்கின்றன என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். டெங்கிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எதுவானாலும் வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயன்று. ஓர் இரத்தச் சோதனையில் வழி தெரிந்துவிடும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

இனி எச்சரிக்கை. இவ்வளவையும் கேட்ட பிறகு, "இரத்தப் புற்றுநோய்க்கு வைட்டமின் ஏ மாத்திரை வாங்கித் தின்றால் போதும்" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கடையில் விற்கும் வைட்டமின் ஏயும் மருத்துவர் கொடுக்கும் ரெட்டினோயிக் அமிலமும் ஒன்றல்ல. பாலும் நெய்யும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவைதான். ஆனாலும் பாலை ஊற்றி விளக்கெரிக்க முடியுமா? மேலும், திடீரென்று வரும் மச்சைப் புற்றுநோயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இந்த வகை. பூட்டு ஒடியாத மற்ற இரத்தப் புற்றுநோய்களில் இந்த மருந்து இப்படிப் பலிப்பதில்லை. பலிக்கும் நோயிலும் இதற்குத் தனி ஆபத்து உண்டு. ஒரே சமயத்தில் ஏராளமான அணுக்கள் முதிரும்போது காய்ச்சலும் மூச்சுத் திணறலும் உடம்பு வீக்கமும் வரலாம். உடனே கண்டு மாற்று மருந்து கொடுக்காவிட்டால் உயிருக்கே கேடு. ஆகவே இது மருத்துவர் கண்ணெதிரே கொடுக்க வேண்டிய மருந்து. பாஷாணத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். மருத்துவமனையில் அளந்து ஊசிவழி ஏற்றுவது வேறு. பொட்டலத்தில் வாங்கி உண்பது வேறு. பின்னது விஷம்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒரு சொல். வைட்டமின் ஏ குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. ஒரு நாளைக்கு 10,000 அலகுக்கு மேல் மாத்திரையாக உட்கொள்ளக் கூடாது. மிகுந்தால் கருவிலுள்ள பிள்ளைக்கு ஊனம் நேரலாம். முகப்பருவுக்காக விழுங்கக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் என்ற மருந்தும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வீட்டில் வயது வந்த பெண்கள் அதைத் தோழியிடம் வாங்கி விழுங்குவது பெரிய ஆபத்து. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.

உணவில் கிடைக்கும் கரோட்டினுக்கு இந்த அச்சம் இல்லை. தேவையான அளவுதான் வைட்டமின் ஏ ஆக மாறும். மிகுதியாகத் தின்றால் தோல் சற்று மஞ்சளாகத் தெரியும், அவ்வளவே. வேலியோரத்து முருங்கைக்கீரை, கங்கோங், பசலை, பப்பாளி, மாம்பழம், பூசணி, உள்ளே மஞ்சளாக இருக்கும் சர்க்கரைவள்ளி ஆகிய எல்லாம் நமக்கு எட்டும் பொருள்களே. கீரையை வெறுமனே அவிக்காமல், ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தாளியுங்கள். கொழுப்பு இருந்தால்தான் கரோட்டின் உடம்பில் சேரும். வாரத்தில் சில நாள் முட்டையும் கிடைத்தால் மிக நன்று.

தோட்டத்து மக்களாகிய நாம் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். 1917-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிகத்துக்காகச் செம்பனை நடப்பட்டது முதல், எத்தனையோ கைகள் அதன் குலைகளை வெட்டிச் சுமந்திருக்கின்றன. அந்தப் பழத்தின் செந்நிறமே கரோட்டின்தான். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய் ஒரு கிலோவில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் இருக்கிறது. ஆலையில் வெளுத்து, மணம் நீக்கி, பொன்னிறமாகப் புட்டியில் அடைக்கும்போது அது ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. குறைந்த சூட்டில் பக்குவம் செய்து கரோட்டினைக் காப்பாற்றிய சிவப்பு எண்ணெயும் கடைகளில் உண்டு; விலை சற்றுக் கூடுதல். வாங்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். முருங்கை மரம் காசு கேட்பதில்லை.

நேயர்களே, சத்துள்ள உணவு சோகையைத் தடுக்கும். புற்றுநோயைத் தடுக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த நோய் நல்ல உணவு உண்பவருக்கும் வரும். வந்தால் அதற்கு மருந்து உண்டு, ஆனால் அது காத்திராது என்பதே நாங்கள் சொல்வது. இரத்தப் புற்றுநோய் என்றால் முடிந்தது கதை என்று கைகழுவிவிடும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். எந்த வகை என்று மருத்துவரைக் கேளுங்கள், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். தொடங்கிய சிகிச்சையை, உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். பாதியில் நின்றுவிட்ட அணுக்களால் வந்த நோய் அது. சிகிச்சையும் பாதியில் நின்றுவிடக் கூடாது.